எந்தப் புறநகரில் குடியேறுவது? பள்ளிப் பட்டியல் சொல்லாத கணக்கு

புது ஊரில் வேலை உறுதியான அன்று இரவு பல வீடுகளில் ஒரே காரியம்தான் நடக்கிறது. பிள்ளைகள் தூங்கியதும் கணவனும் மனைவியும் கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கிறார்கள். அலுவலகம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி வாயில் நுழையாத பெயர்களோடு பத்துப் பதினைந்து புறநகர்கள். அடுத்து, ‘சிறந்த பள்ளிகள்’ என்று தேடுகிறார்கள். முதல் ஐந்து இடங்களில் வரும் பள்ளிகள் எந்த ஏரியாவில் இருக்கின்றன, அங்கே வாடகை என்ன என்று பார்க்கிறார்கள். மூச்சு ஒரு கணம் நின்று திரும்புகிறது. அப்புறம், வாடகை கட்டுப்படியாகும் வரை வரைபடத்தில் விரலைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். பள்ளி நகரின் ஒரு மூலையில், அலுவலகம் எதிர்மூலையில். நடுவில் வீடு எடுத்தால் எல்லோருக்கும் சமமாக இருக்கும் என்று நினைத்தோம். ஓராண்டுக்குள் அதே ஊருக்குள் மறுபடியும் சாமான் கட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த அனுபவத்தில் தெரிந்ததையும், ஏன் அப்படி ஆனது என்று பிறகு தேடிப் படித்ததையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம்.

1966இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியானது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் தகவல் திரட்டி எழுதப்பட்டது. வசதியான பள்ளிகளில் பிள்ளைகள் முன்னேறுவதும் வசதியற்ற பள்ளிகளில் பின்தங்குவதும் அதில் நிரூபணமாகும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் பிள்ளைகளின் தேர்ச்சியில் இருந்த ஏற்றத்தாழ்வுக்குக் கட்டடம், நூலகம், ஆய்வுக்கூடம் போன்றவற்றைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்று தெரிந்தது. கூடப் படிக்கும் பிள்ளைகள் யார் என்பதும் முக்கியமாக இருந்தது. அன்றிலிருந்து இதை மறுத்தும் திருத்தியும் எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. ஆசிரியர் நன்றாக அமைந்தால் பிள்ளையின் படிப்பு கண்கூடாக மாறும் என்று அவற்றில் பல காட்டுகின்றன. ஆனாலும் கோல்மன் அறிக்கை தந்த எச்சரிக்கை பழசாகவில்லை. ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தால், அங்கே எந்த மாதிரி வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கும் பள்ளி முதலிடத்துக்கு வருவதில் அதிசயம் இல்லை. நீந்தத் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிற நீச்சல் வகுப்பில் யாரும் மூழ்கமாட்டார்கள்.

இந்தக் கோளாறைச் சரிசெய்யச் சில நாடுகளில் முயன்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2016இல் ‘ப்ரோக்ரஸ் 8’ என்ற அளவுகோல் வந்தது. ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது எந்த நிலையில் இருந்ததோ, நாடு முழுக்க அதே நிலையில் இருந்த மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் எவ்வளவு முன்னேறியது என்று பார்க்கும் முறை அது. ஆஸ்திரேலியாவில் 2010இல் தொடங்கிய ‘மை ஸ்கூல்’ தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்வு முடிவுகளோடு இன்னோர் எண்ணும் இருக்கும். பெற்றோரின் படிப்பு, தொழில் முதலியவற்றை வைத்துப் போடும் குறியீடு அது, சராசரி 1000. குறியீடு 1150 உள்ள பள்ளி நல்ல மதிப்பெண் எடுப்பது எதிர்பார்த்ததுதான். 950 உள்ள பள்ளி அதே மதிப்பெண்ணை எட்டினால், உள்ளே யாரோ கடுமையாக உழைக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் போகும் ஊரில் இப்படி ஏதாவது வெளியிடுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் தரவரிசையை மூடிவைத்துவிட்டு அதைப் படியுங்கள்.

இல்லையென்றால் நேரில்தான் போக வேண்டும். வரவேற்பறையில் கோப்பைகள் வரிசையாக நிற்கும், சுவரில் படங்கள் சிரிக்கும். அதையெல்லாம் தாண்டிவிட்டு மூன்று கேள்விகள் கேட்பேன். போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்? என் பிள்ளை சேரப்போகும் வகுப்பில், வேறு ஊரிலிருந்து நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்கினால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு, ‘பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வோம்’ என்பதோடு பதில் முடிந்துவிட்டால், அந்தப் பள்ளி தன் வேலையை வீட்டுக்கு அனுப்புகிற பள்ளி என்று எடுத்துக்கொள்ளலாம். அனுமதி கிடைத்தால் பிள்ளைகளின் கழிப்பறையையும் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா? பெற்றோர் வருகிற நாளுக்காகப் படங்களை மாட்டிவிடலாம். கழிப்பறையை ஒரே நாளில் சீராக்குவது கடினம். அது சுத்தமாக இல்லையென்றால் பிள்ளைகள் மாலை வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். எந்தப் பட்டியலிலும் இது வராது.

பட்டியலுக்கு நாம் தரும் விலையையும் பொருளாதார அறிஞர்கள் அளந்திருக்கிறார்கள். சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. அங்கே எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதை எல்லைக்கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளை அவர் ஒப்பிட்டார். அதே அக்கம்பக்கம், ஏறக்குறைய அதே மாதிரி வீடு, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால், வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். கோட்டைக் கவனிக்காமல் பொதுவாக ஏரியாவோடு ஏரியாவை ஒப்பிடும் பழைய முறையில் இந்தத் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. மீதிப் பாதி பூங்காவுக்கும் அமைதியான தெருவுக்கும் மற்ற வசதிகளுக்கும் மக்கள் கொடுத்த விலை. ‘நல்ல பள்ளி இருக்கிற ஏரியா, அதனால்தான் வாடகை அதிகம்’ என்று தரகர் சொல்லும்போது, பள்ளியின் பெயரில் வேறு பலவற்றுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லைக்கோடும் நிலையானதல்ல. குடியிருப்புகள் பெருகினால் கோட்டை மாற்றிப் போடுவார்கள். தூரத்தை வைத்து இடம் கொடுக்கும் ஊர்களில், எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தூரம் வருடாவருடம் சுருங்கும், விரியும். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ஒரு பள்ளிக்கு இருக்கும் இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் முறையில் இடம் கொடுப்பது என்று 2008 சேர்க்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டால் இடம் உறுதி என்ற நம்பிக்கைக்கு அங்கே அடி விழுந்தது. ஆகவே ஒரே ஒரு பள்ளியைக் குறிவைத்து வீடு தேடுவது ஆபத்து. சுமாராகவாவது நமக்கு ஒத்துவரும் இரண்டு, மூன்று பள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் புறநகரே பாதுகாப்பான தேர்வு. முதலிடப் பள்ளி ஒன்று, மற்றதெல்லாம் மோசம் என்றிருக்கும் ஏரியாவைவிட அதையே நான் எடுப்பேன்.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

வேலைக்குப் போகும் பெற்றோரின் நாள் ஒரு முக்கோணம்: வீடு, பள்ளி, அலுவலகம். வீடு தேடும்போது எல்லோரும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான பக்கத்தையே அளக்கிறார்கள். போக்குவரத்தை ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நடந்தாலும் ரயிலில் போனாலும் காரில் போனாலும், மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வண்டி வேகமானால் மிச்சமாகும் நேரத்தை வீட்டில் செலவிடாமல், இன்னும் தள்ளிப்போய்க் குடியேறிவிடுகிறார்கள். புறநகர்கள் விரிந்துகொண்டே போவதற்கு இது ஓரளவு விளக்கம். ஆனால் இந்தக் கணக்கு பெரியவர்களுடையது. பிள்ளைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

போட்டுப் பாருங்கள். பள்ளிக்குப் போக 40 நிமிடம், வர 40 நிமிடம், வருடத்துக்கு 200 பள்ளி நாட்கள். மொத்தம் 266 மணி நேரத்துக்கும் மேல். இராப்பகலாகக் கணக்கிட்டால் பதினொரு நாட்கள் ஒரு குழந்தை வேனின் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதே பிள்ளை பத்து நிமிட நடையில் பள்ளி இருக்கும் இடத்தில் குடியிருந்தால் அதில் 200 மணி நேரம் மிச்சம். விளையாட்டு, தூக்கம், சும்மா இருப்பது எல்லாம் அந்த 200 மணி நேரத்திலிருந்துதான் வர வேண்டும்.

பெரியவர்களுக்கும் பயணம் லேசானதல்ல. 2004இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைப் பகுதி பகுதியாக நினைவுகூரச் சொல்லி, எந்த வேலை எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் கிடந்தது. ஜெர்மனியின் குடும்ப ஆய்வுத் தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் புரூனோ ஃபிரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் 2008இல் எழுதிய கட்டுரையில் இன்னும் விநோதமான விஷயம் உண்டு. தள்ளிக் குடியிருப்பவர்களுக்குக் குறைந்த வாடகையோ, பெரிய வீடோ, கூடுதல் சம்பளமோ அந்தச் சிரமத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது பொருளாதாரப் பாடம். ஈடுகட்டவில்லை, பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துதான் இருந்தது. எனக்கு இது புரிகிறது. கூடுதல் அறைக்கு இரண்டே மாதத்தில் பழகிவிட்டோம். சிக்னலில் நிற்பதற்குக் கடைசி வரை பழகவில்லை.

‘நடுவில் வீடு’ என்ற எங்கள் யோசனை எங்கே இடித்தது தெரியுமா? ஒரு நாள் காலை பதினொன்றரை மணி இருக்கும், பள்ளியிலிருந்து அழைப்பு. மகளுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள். நான் அலுவலகத்தில், மனைவி வேறொரு திசையில். இருவரில் யார் போனாலும் நகரைக் குறுக்கே கடக்க வேண்டும். நான் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பள்ளியில் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வரவேற்பறையின் நீளப் பெஞ்சில், பையை மடியில் வைத்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூ லேஸ் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. வரைபடத்தில் சமமாகத் தெரிந்த நடுப்புள்ளி, உண்மையில் பள்ளிக்கும் தூரம், அலுவலகத்துக்கும் தூரம் என்று அன்றுதான் உறைத்தது. முக்கோணத்தில் ஒரு பக்கத்தையாவது நடக்கிற தூரத்துக்குச் சுருக்கியாக வேண்டும். அது வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்கும் பக்கமாக இருக்கட்டும் என்பது என் கட்சி. பெற்றோரில் ஒருவரது அலுவலகமாவது பள்ளியின் திசையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நடக்கிற தூரம் என்றதும் கிலோமீட்டர் மட்டும் பார்க்காதீர்கள். அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் ‘அண்டை அலகு’ என்று ஒரு குடியிருப்பு அமைப்பை வரைந்தார். நடுவில் ஆரம்பப் பள்ளி. எந்த வீட்டிலிருந்தும் பிள்ளை கால் மைல், மிஞ்சினால் அரை மைல் நடந்தால் போதும். பெரிய சாலைகள் எல்லாம் குடியிருப்பின் ஓரத்தோடு நின்றுவிடும், பிள்ளை அதைக் கடக்கவே வேண்டியதில்லை. அப்படியே கட்டிய புறநகர் கிடைப்பது அரிது. ஆனால் வீடு பார்க்கும்போது அதிலிருந்து ஒரு கேள்வியைக் கடன் வாங்கலாம்: வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவில் பெரிய சாலை எத்தனை? ஒரு கிலோமீட்டர் தள்ளி, குறுக்கே ஒன்றும் இல்லை என்றால் பத்து வயதுப் பிள்ளை தானாகவே போய் வரும். 300 மீட்டர்தான், ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை என்றால் பன்னிரண்டு வயது வரை நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டு வாசலில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையும் சும்மா இல்லை. நகர வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் ஆப்பிள்யார்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972இல் எழுதினார். நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் குடியிருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9. முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்கள் வீடாக வரைந்து காட்டினார்கள். மற்றவர்கள் கட்டடத்துக்குள் சுருங்கிவிட்டார்கள். (வாகனங்களோடு மனிதர்கள் வாழ்வதைப் பற்றியே ஆராய்ந்த அவர், 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார்.) புது ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த எண்கள் இன்னும் முக்கியம். சொந்தக்காரர் இல்லை, பழைய சிநேகிதர் இல்லை. அவசரத்துக்குப் பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்ல ஒரு வீடு வேண்டும். அது தெருவில்தான் கிடைக்கும்.

எனவே வீட்டை ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தெருவும் அழகுதான். வேலை நாளில், பள்ளி மணி அடிப்பதற்கு அரை மணி முன்பு அந்த வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் நடந்து போகிறார்களா, எல்லோரையும் வண்டியில்தான் கொண்டுபோகிறார்களா? நடப்பதற்கு நடைபாதை இருக்கிறதா, அதன்மேல் கார்கள் நிற்கின்றனவா? பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை. வெளியே விளையாடுகிற பிள்ளைகள் உங்கள் பிள்ளையின் வயதில் இருக்கிறார்களா? மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குமா என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள், தரகர் சொல்லமாட்டார். மருத்துவமனை, கடை, பூங்கா இதெல்லாம் வரைபடத்திலேயே தெரிந்துவிடும், அதிகம் மெனக்கெட வேண்டாம்.

பிள்ளையின் வயது கணக்கைப் புரட்டிப் போடும். 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் இருந்த 4,600 குடும்பங்கள் ஒரு திட்டத்தில் சேர்ந்தன. சிலருக்கு வேறு ஏரியாவுக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். முதலில் வந்த முடிவுகள் ஏமாற்றம் தந்தன: இடம் மாறிய பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. ஆனால் 2016இல் பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, நதானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் மூவரும் அதே பிள்ளைகளின் இருபதுகளில் வந்த வருமானத்தைப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. பதின்மூன்றுக்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. லேசான பின்னடைவுகூடத் தெரிந்தது. மாதச் சம்பளக் குடும்பம் ஒரு புறநகரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு இந்த 31 சதவீதத்தை அப்படியே பொருத்தக் கூடாது. எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியமாகப் படுகிறது. மதிப்பெண் பட்டியலில் தெரியாத ஏதோ ஒன்றை ஏரியா கொடுக்கிறது. அது சின்ன வயதில் போய்ச் சேர்ந்து, வருடக்கணக்கில் அங்கேயே வளர்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

அதனால் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. சின்னப் பிள்ளைக்குத் தெருவைப் பார்த்து ஏரியாவைத் தேர்ந்தெடுங்கள்; ஆரம்பப் பள்ளி ஓரளவு நன்றாக இருந்தால் போதும். பதின்ம வயதில் இருப்பவருக்குப் பாடத்திட்டம் ஒத்துப்போகிறதா, பயிற்று மொழி என்ன, இதுவரை படித்த பாடங்கள் அங்கே தொடருமா என்பதெல்லாம் முதலில் வர வேண்டும். பொதுத் தேர்வு எழுதப்போகும் வருடம் என்றால், குடும்பம் சில மாதம் பிரிந்திருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். வேலையில் சேரும் தேதியைக் கல்வியாண்டு முடியும் வரை தள்ளிவைக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள்; சம்பளத்தை உயர்த்தச் சொல்வதைவிட இதற்குச் சம்மதம் கிடைப்பது சுலபம்.

போனவுடன் வீடு வாங்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் வாடகை என்பதற்காக ஏதோ ஓரிடத்தில் இறங்கிவிட்டு, வருடம் முடிந்ததும் ஏரியா மாறி, பள்ளியும் மாறினால் பிள்ளை இரண்டு வருடத்தில் இரண்டு முறை புது முகங்களோடு பழக வேண்டியிருக்கும். வாடகை வீடு மாறலாம், பள்ளி மாறாமல் இருக்கட்டும். பள்ளியைச் சுற்றி வாடகைக்கு வீடுகள் அடிக்கடி காலியாகும் ஏரியாவா என்று பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

எங்கள் இரண்டாவது வீடு முதல் வீட்டைவிட ஓர் அறை குறைவு. பள்ளியும் பட்டியலில் எங்கோ இருபதுகளில் இருந்தது. பார்க்கப் போன அன்று நானும் மனைவியும் அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். மகள் அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து எதையோ எண்ணினாள். பதினொரு சைக்கிள் நிற்கிறது என்றாள். அதில் நான்கு அவள் உயரத்துக்குச் சரியாக இருக்குமாம்.